சுருதி சேரவில்லை என்று சொன்னவள்

நிரோ,

நீ விமானம் ஏற இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. இதைப் போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை முயன்றேன். ஒவ்வொரு தடவையும் நீ "அம்மா, கேக்கல, கொஞ்சம் கிட்ட வச்சிப் பேசுங்க" என்கிறாய். நான் வாயைப் போனோடு ஒட்டிக்கொண்டு மூச்சைத் தள்ளுகிறேன். உனக்குக் காற்றுத்தான் கேட்கிறது. பிறகு அப்பா போனை வாங்கி "சாப்பிட்டியான்னு கேக்குறா" என்று சொல்லிவிடுகிறார். நான் அதைக் கேட்கவே இல்லை. அதனால் எழுதுகிறேன். பாடக்குறிப்பு எழுத வாங்கி மிச்சமாகிப்போன சீ.ஆர். கொப்பி ஒன்று கிடந்தது, அதில்தான் எழுதுகிறேன். நீ லேப்டாப் வைத்திருந்த முன்னறை மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். அப்பா மாத்தளைக் கடைக்குப் போய்விட்டார். பக்கத்து ரசீத் நானாவின் மசாலா மில்லில் காலையிலிருந்து மிளகாய் அரைபடுகிறது, மூக்கெல்லாம் எரிகிறது.

முதலில் என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். நீ கேட்கும்போதெல்லாம் "நல்லா இருக்கேன்" என்றுதான் மெசேஜ் அனுப்புகிறேன். நான் நல்லாவும் இல்லை, மோசமாகவும் இல்லை. ஆபரேஷன் முடிந்து ஒன்பது மாதம் ஆகிறது. கழுத்தில் இருந்த கழலை மூச்சுக்குழாயை அழுத்தத் தொடங்கிவிட்டது, எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். குரலுக்குப் போகும் நரம்பு அதன் பின்னால் ஓடுகிறது, அதற்குச் சேதம் வரலாம் என்று டாக்டர் படம் வரைந்து காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்கினார். யார் மேலும் குறை இல்லை. கண் விழித்து நர்ஸ் மிஸ்ஸிடம் தண்ணீர் கேட்டேன், வெறும் காற்று வந்தது. ஒரு கிழமை போகட்டும் என்றார்கள். பிறகு ஒரு மாதம் போகட்டும் என்றார்கள். அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. முப்பத்தொரு வருடம் பிள்ளைகளுக்குப் பாடிப் பாடிக் காட்டிய தொண்டை. அப்பா வாட்டுக்கு வெளியே சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதார். நீ கொழும்பிலிருந்து வந்து பஸ்ஸால் இறங்கின கையோடு என் கட்டிலின் கால்மாட்டில் நின்று அழுதாய். நான் உங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டில்காரிக்கு என்னவோ ஆகிவிட்டது போலத்தான் எனக்கு இருந்தது.

வடுவைச் சுற்றி ஒரு உள்ளங்கை அளவுக்குத் தோல் மரத்துக் கிடக்கிறது. குளிக்கும்போது சோப்புப் போடுவது கைக்குத் தெரிகிறது, கழுத்துக்குத் தெரிவதில்லை. அந்த மரப்பு உள்ளேயும் இறங்கிவிட்டதோ என்று சில நேரம் நினைப்பேன். மாத்திரை அளவு உடம்புக்குப் பிடிபடச் சில மாதம் ஆகும், மந்தமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று கிளினிக்கில் சொன்னார்கள். இருக்கலாம். ஸ்கூலில் எனக்குப் பிரியாவிடை வைத்தார்கள். பிள்ளைகள் விக்கி விக்கி அழுதார்கள். நான் மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்து, அதில் ஒரு இறக்கை கொஞ்சம் வளைந்திருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். உனக்கு அந்த வெளிநாட்டுக் கல்லூரியில் இடம் கிடைத்த அன்று அப்பா லட்டு வாங்கி ரோடு முழுக்கக் கொடுத்தார். நான் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் மடித்து முடித்துவிட்டுத்தான் எழும்பினேன். இதையெல்லாம் முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் நான் எழுதப்போவதை வாசித்துவிட்டு, அம்மா இதைக்கூட ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் எழுதியிருக்கிறாளே என்று நீ நினைப்பாய். வந்தால் அழுதிருப்பேன்.

நீ சின்னவனாக இருந்தபோது இந்த வீட்டில் பாட்டு இல்லாத நேரம் கிடையாது. பின்னேரத்தில் ஐந்தாறு பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து சரளி வரிசை பாடுவார்கள். நீ அவர்களோடு உட்கார மாட்டாய். சுவருக்கு அந்தப் பக்கம் மில் மோட்டார் போடும் நேரத்துக்குக் காத்துக்கொண்டிருப்பாய். அது முனகிக்கொண்டே மேலே ஏறி ஒரு இடத்தில் நிற்கும். நீ ஓடி வந்து, "அம்மா, மில்லு ஸட்ஜத்துல நிக்குது, நான் பஞ்சமம் பாடட்டா?" என்று கேட்டுப் பாடுவாய். பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் "கூத்தடிக்காம வந்து உக்காரு" என்று அதட்டுவேன். உனக்கு அப்போது ஏழு வயது. அந்த மோட்டாருக்கு நீ போட்ட பஞ்சமம் ஒரு நூல்கூட விலகவில்லை என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்.

பிறகு நீ பாடுவதை விட்டாய். ஏ.எல். முடித்துக் கொழும்புக்குப் போனாய். விளம்பரத்துக்குச் சத்தம் சேர்க்கிற ஸ்டூடியோவில் வேலை, மிச்ச நேரமெல்லாம் உன் சொந்த வேலை. செய்ததையெல்லாம் எனக்கு அனுப்பினாய். பாதியை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஸ்டாஃப் ரூமில் யாராவது உன்னைப் பற்றிக் கேட்டால் "ஏதோ கம்ப்யூட்டர்ல தட்டுறான்" என்பேன். ஒரு தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது, அப்பா கேட்டார் என்பதற்காக ஒன்றைப் போட்டுக் காட்டினாய். மோகனத்தில் செய்திருந்தாய். ஐந்து ஸ்வரத்தையும் தனித்தனியாகப் பிரித்து, ஒன்று போய் மறையும்போது இன்னொன்று வருகிற மாதிரி. நான் பாதியில் எழும்பி அடுப்படிக்குப் போய்விட்டேன். நீ பின்னால் வந்தாய். "எப்படிம்மா?" என்று கேட்டாய். நான் வடைக்கு மாவு தட்டிக்கொண்டே, "ராகத்தைக் கூறு போட்டு வச்சிருக்க. உயிர் எங்க இருக்கு?" என்றேன். "சரிம்மா" என்றாய். உள்ளே போய் வயரைக் கழற்றிச் சுருட்டிப் பைக்குள் வைத்தாய். அதற்குப் பிறகு எனக்கு எதையும் அனுப்பவில்லை. நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை, நிரோ. இப்போது பழைய மெசேஜ்களைத் தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

ஆபரேஷனுக்கு அப்புறம் இரண்டு மாதம் கழித்து லீவு எடுத்துக்கொண்டு மூன்று கிழமை வந்து இருந்தாயே, அதைப் பற்றி எழுத வேண்டும். லேப்டாப், ஒரு முழ நீளத்தில் சின்னக் கீபோர்ட், இரண்டு ஸ்பீக்கர். என்னைப் பார்த்துக்கொள்ளத்தான் வந்தாய் என்று தெரியும், ஆனால் அப்படிக் காட்டிக்கொள்ளாமல் உன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தாய். முதல் நாளே ரசீத் நானாவின் மில்லுக்குப் போய்ப் போனில் அந்த மோட்டாரைப் பதிவு செய்தாய். அவர் வேலியில் நின்று, "என்னத்துக்கு மகன் இந்த மெஷின்ட சத்தம்? பாட்டு கேக்க வாற ஆளெல்லாம் ஓடிருவான்" என்று கத்தினார். நீ அந்தச் சத்தத்தில் இருந்த கரகரப்பையெல்லாம் உரித்துவிட்டு, அடியில் இருந்த ஒரே ஒரு ஸ்வரத்தை எடுத்துத் தம்பூரா மாதிரி நிறுத்தினாய். அதன் மேல் தோடி.

நான் உள் அறையில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். தோடி என்றால் காந்தாரம்தான். அந்தக் காந்தாரம் ஒரு இடத்தில் நிற்காது, ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவில் அசைந்துகொண்டேயிருக்கும். கீபோர்டில் கட்டையை அமுக்கினால் நேராகக் கம்பி மாதிரி ஒரு சத்தம் வரும். அது தோடி ஆகாது. நீ கட்டையை விட்டுவிட்டு ஸ்க்ரீனில் கோடு கோடாக வரைந்து அந்த அசைவைச் செய்துகொண்டிருந்தாய். ஒரே காந்தாரம், நூறு தடவை இருக்கும். நாலாவது நாள் என்னால் படுத்திருக்க முடியவில்லை. எழும்பி வந்து உன் தோளைத் தட்டி, காதுக்குக் கிட்டக் குனிந்து சொன்னேன்.

"காந்தாரம் பிழை."

"எதும்மா?"

"இப்ப போட்டது. இழுப்பு காணாது. மேல தொட்டுட்டு வர்ற நேரம் அவசரப்படுது."

நீ ஸ்க்ரீனில் ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தினாய். பிறகு, "அம்மா, இது நான் வரைஞ்சது இல்ல" என்றாய். "போன வருசம் பரிசளிப்பு விழாவுல நீங்க பாடினதை யாரோ வீடியோ எடுத்திருந்தாங்க. அதுல உங்க குரலை எடுத்துட்டு அசைவை மட்டும் வச்சிருக்கேன். இது உங்க காந்தாரம்."

நான் நின்றேன். கால் வலித்தது, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இன்னொரு தடவை போடச் சொல்லிக் கையால் காட்டினேன். போட்டாய். இப்போதும் எனக்கு அது பிழையாகத்தான் கேட்டது. என் குரலின் தடிப்பு, என் மூச்சு, நான் கட்டியிருந்த சேலை, முன் வரிசையில் தலையாட்டுகிற அதிபர் எல்லாவற்றையும் உரித்துப் போட்டுவிட்டால் நான் பாடியது இவ்வளவுதான், அதிலும் ஒரு அவசரம் இருக்கிறது. முப்பத்தொரு வருடம் மற்றவர்களைத் திருத்தியவளுக்கு அது தெரியவில்லை. வெட்கம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. தேத்தண்ணி போடப் போனேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். உனக்குச் சொல்லிக் கொடுத்தேன் என்று நீ எல்லோரிடமும் சொல்கிறாய். அது சரியில்லை. நான் சொன்னதில் பாதியை நீ கேட்கவில்லை, கேட்காததுதான் நல்லது. அந்தத் தாளத்தைப் பற்றிச் சண்டை பிடித்தோமே, நினைவிருக்கிறதா? மூன்றாம் நிமிடத்தில் அடியிலிருந்து தட்டல் ஒன்று வந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

"இது வேணாம். தோடிக்கு இந்தத் தட்டல் வேணாம்" என்றேன்.

"வேணும்மா."

"எடு நிரோ. கேக்கவே ஒரு மாதிரியா இருக்கு."

"அம்மா, நீங்க சொல்ற மாதிரியே செஞ்சா இது உங்க தோடி. எனக்கு என்னோடது வேணும்." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாய். நான் எழும்பிப் போய்ப் படுத்துக்கொண்டேன். அடுத்த நாள் கேட்டேன். தட்டல் அப்படியே இருந்தது. காந்தாரம் மேலே ஏறுகிற நேரம் மட்டும் வந்து, இறங்கும்போது ஒதுங்கிக்கொண்டது. அது இல்லாவிட்டால் அந்த அசைவு இத்தனை மெதுவானது என்பதே கேட்பவனுக்குத் தெரியாது. நீ அதை யோசித்துத்தான் வைத்திருந்தாய். அன்றைக்கு நான் வாயைத் திறந்து சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், நீ செய்ததுதான் சரி.

முடிந்த அன்று அப்பா கடையிலிருந்து வந்து, குடையைக்கூட மடிக்காமல் வாசலில் நின்று கேட்டார். ரசீத் நானாவையும் கூப்பிட்டாய். பதினொரு நிமிடம். கடைசியில் எல்லாம் அடங்கி அந்த ஒற்றை ஸ்வரம் மட்டும் நின்றபோது ரசீத் நானா துள்ளி எழும்பினார். "இது நம்மட மெஷின்தானே!" எல்லோரும் சிரித்தீர்கள். அப்பா, "இதுல அம்மா எங்க?" என்று கேட்டார். "காந்தாரம் வர்ற இடமெல்லாம் அம்மாதான்" என்றாய். நான் மேசையைத் துடைத்தேன். மேசை சுத்தமாகத்தான் இருந்தது.

அதற்கு அடுத்த நாள்தான் நீ அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாய். இசையை ஏன் இந்த வழியில் செய்கிறாய் என்று ஒரு கேள்வி இருந்ததாம். என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாய். "என்னம்மா எழுத? எனக்குத்தான் சுருதி நிக்காதே, மெஷினுக்கு நிக்கும்னு எழுதட்டா?" நீ அதை வேடிக்கையாகத்தான் சொன்னாய். எத்தனையோ வருடமாகத் தூக்கித் திரிந்து பழகிப்போன ஒன்றைச் சொல்கிற மாதிரி. அது நான் உனக்குச் சொன்ன வார்த்தை. அந்த நேரமே நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வீட்டில் வேறு யாரும் இல்லை. நான் "தேத்தண்ணி ஆறுது" என்றேன்.

அதற்குப் பிறகும் நான் பேசாமலே இருந்திருப்பேன். போன ஞாயிற்றுக்கிழமை தர்ஷினி வந்தாள். உன்னோடு படித்த தர்ஷினிதான், இப்போது என் இடத்தில் சங்கீத டீச்சராக இருக்கிறாள். ஒரு பை நிறைய ரம்புட்டான் கொண்டுவந்தாள். உன் பாட்டைப் போனில் கேட்டாளாம், நன்றாக இருக்கிறதாம். அப்புறமும் போகாமல் பையின் பிடியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். வலயமட்டப் போட்டிக்கு இந்த முறை என்னை நடுவரா இருக்கச் சொல்றாங்க. எங்க அக்கா மகளும் பாடுறா. நீங்க அன்னைக்கு நிரோஷன் பாடுறப்ப நடுவரா இருந்தீங்கதானே. எப்படிச் செஞ்சீங்க?"

"போகாத" என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை. கொப்பியில் எழுதிக் காட்டினேன்.

அவள் அதை வாசித்துவிட்டு நிமிர்ந்தாள். "அப்ப நீங்க ஏன் டீச்சர் போனீங்க?" நான் ரம்புட்டானைத் தட்டில் கொட்டினேன். அவளே சொன்னாள், "கோவிச்சிக்காதீங்க. அன்னைக்கு நிரோஷன்தான் நல்லாப் பாடினது. எனக்கு அப்பவே தெரியும். முதலாம் இடத்துக்கு என் பேரை வாசிச்சப்போ, மாத்தி வாசிச்சிட்டாங்கன்னு நினைச்சி நான் எழும்பவே இல்ல. அம்மாதான் பிடிச்சித் தள்ளிவிட்டாங்க."

"நீயும் நல்லாத்தான் பாடின" என்று எழுதினேன்.

"நல்லாப் பாடினேன் டீச்சர். ஆனா முதல் இல்ல."

இனி நீ வாசிக்க வேண்டியது இதுதான், நிரோ. நீ பத்தாம் ஆண்டில் இருந்தாய். போட்டிக்கு வர வேண்டிய நடுவர்களில் ஒருவர் வரவில்லை. காலையில் எனக்குப் போன் வந்தது, டீச்சர் கொஞ்சம் வந்து உட்காருங்கள் என்று. என் மகன் பாடுகிறான், என்னால் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது, அப்போது குரலும் இருந்தது. நான் சொல்லவில்லை. மண்டபத்து வாசலில் வேறு ஸ்கூல் அதிபர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "டீச்சர்ட மகனும் லிஸ்ட்ல இருக்கார் போல" என்றார். அவ்வளவுதான். அவர் வேறொன்றும் சொல்லவில்லை. ஆனால் உள்ளே போய் உட்கார்ந்த நேரத்திலிருந்து எனக்கு அந்தச் சிரிப்புத்தான். நீ தோடிதான் பாடினாய். பதினைந்து வயதுப் பிள்ளை எடுக்கக்கூடாத ராகம், எடுக்காதே என்று நான் சொல்லியும் எடுத்தாய், எடுத்துக் கரை சேர்ந்தாய். என் பக்கத்தில் இன்னொரு நடுவராக, கண்டியிலிருந்து வந்த வயலின் மாஸ்டர் ஒருவர் இருந்தார். அவர் உனக்கு எண்பத்தெட்டு போட்டதை ஓரக்கண்ணால் பார்த்தேன். நான் அறுபத்திரண்டு போட்டேன். தர்ஷினிக்கு முதலாம் இடம். உனக்கு மூன்றாம் இடம். மாகாணப் போட்டிக்கு முதலாம் இடக்காரர் மட்டும்தான் போக முடியும். வாசலில் அந்த அதிபர் என்னைப் பார்த்து, "டீச்சர் கறார்தான்" என்றார். எனக்கு அது பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைக்குத்தான் உன்னைக் கொடுத்தேன்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்த அலுவிகாரை பஸ்ஸில் நீ ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாய். சான்றிதழைச் சுருட்டி மடியில் வைத்திருந்தாய். "அம்மா, எங்க பிழை விட்டேன்?" என்று கேட்டாய். அழவில்லை. திருத்திக்கொள்வதற்காகக் கேட்டாய். பிழை இருந்தால்தானே நான் காட்ட? பஸ் போய்க்கொண்டிருந்தது, நீ பார்த்துக்கொண்டே இருந்தாய், நான் ஏதாவது சொல்லியாக வேண்டியிருந்தது. "சுருதி சேரல" என்றேன். "மேல போறப்ப நழுவுது. உன் குரல் சுருதியில நிக்கிற குரல் இல்ல, நிரோ. சில பேருக்கு அப்படித்தான்." நீ தலையாட்டி, "சரிம்மா" என்றாய். அந்தக் கிழமையே அப்பாவிடம் பழைய கம்ப்யூட்டர் ஒன்று கேட்டாய். என் காது கேட்க நீ அதற்குப் பிறகு பாடவே இல்லை. பன்னிரண்டு வருடம். நீ செய்கிற இசை என் பொய்யிலிருந்து பிறந்தது என்று சொல்ல வரவில்லை. அது உன்னுடையது, மில் மோட்டாருக்குப் பஞ்சமம் போட்ட நாளிலிருந்தே உன்னுடையது. ஆனால் நீ அதற்குள் சந்தோஷமாக நடந்து போயிருக்க வேண்டும். நான் மற்றக் கதவைச் சாத்தி உன்னை அந்தப் பக்கம் தள்ளினேன்.

தர்ஷினி போன பிறகு இதை அப்பாவுக்குச் சொன்னேன். அவர் என் வாய்க்குக் கிட்டக் காதை வைத்துக் கேட்டார். பாதியில் காதை எடுத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தார். "அவன் பாடுறதை விடல" என்றார்.

நான் அவரைப் பார்த்தேன்.

"நீ ஸ்கூல்ல இருந்து வர முந்தி, அறைக்கதவைச் சாத்திக்கிட்டுப் பாடுவான். நான் கடையில இருந்து சாப்பிட வர்றப்ப கேட்டிருக்கேன். கேட் திறக்கிற சத்தம் கேட்டா நிறுத்திருவான். நீ திறக்கிற சத்தத்துக்கு மட்டும். நான் வந்தா நிறுத்த மாட்டான்." அப்பா எழும்பிச் சட்டையைப் போட்டார். "வெட்கப்படுறான்னு நினைச்சேன். அதான் உன்கிட்ட சொல்லல." தேத்தண்ணியைக் குடிக்காமல் வெளியே போய்விட்டார். அதிலிருந்து நாலு நாளாக என்னோடு பேசவில்லை. நேரத்துக்கு வருகிறார், சாப்பிடுகிறார், மாத்திரையை எடுத்துத் தண்ணீரோடு பக்கத்தில் வைக்கிறார். எனக்குப் பேச முடியாது, அவர் பேசுவதில்லை. நேற்று மட்டும் கூரியர் உறை ஒன்றை மேசையில் வைத்துவிட்டுப் போனார். உன் கொழும்பு முகவரியை அவரே எழுதியிருக்கிறார்.

ஊரைவிட்டுப் போகிற பிள்ளைக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. காலையில் வெறும் தேத்தண்ணியோடு வேலைக்கு உட்காராதே. அங்கே யாராவது உன் ஸ்வரம் பிழை என்றால், எந்த இடம் என்று கேள், அந்த இடத்தைப் போட்டுக் காட்டச் சொல். காட்ட முடியாதவன் சொல்வதை வாங்கி வைத்துக்கொள்ளாதே, அது அம்மாவாக இருந்தாலும். ஒரு நாள் நீயும் யாருக்காவது மார்க் போடுகிற கதிரையில் உட்காருவாய். நியாயமாக இருப்பது வேறு, நாலு பேர் பார்க்க நியாயமாகத் தெரிவது வேறு. இரண்டாவதற்கு ஆசைப்பட்டு உன் வீட்டு ஆளைக் கீழே இறக்காதே. தர்ஷினி அந்த நடுவர் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். நேற்று மெசேஜ் போட்டிருந்தாள்.

முதலில் நீ போய்ச் சேர்ந்த பிறகு இதை அனுப்பலாம் என்றுதான் நினைத்தேன். போகிற நேரத்தில் உன் மனதைக் கலைக்க வேண்டாமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு யோசித்தால், அது எனக்குத்தான் வசதி. நீ கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தால் என் முன்னால் வந்து நிற்க முடியாது. அதனால்தான் இன்றைக்கே அனுப்புகிறேன். வாசித்துக் கோபம் வந்தால் பஸ் ஏறி வா. வந்து சத்தம் போடு, ரசீத் நானா வீடு வரைக்கும் கேட்கட்டும். நான் அடுப்படிக்கு எழும்பிப் போக மாட்டேன். நீ முடிக்கிற வரைக்கும் உன் முன்னால் உட்கார்ந்திருப்பேன். வர மனமில்லை என்றால் வராதே. அப்பா ஏர்போர்ட்டுக்கு வருவார், நான் வீட்டில் இருந்துகொள்கிறேன். மன்னித்துவிட்டேன் என்று மெசேஜ் மட்டும் அனுப்பாதே. அது சீக்கிரம் முடிந்துவிடும், நான் செய்தது அப்படிச் சீக்கிரம் முடிகிற காரியம் இல்லை.

இப்போது இதை உறைக்குள் வைத்து, ரோட்டைக் கடந்து, நானே கூரியர் கடையில் கொடுத்துவிட்டு வரப்போகிறேன்.

அம்மா